ஐரோப்பாவின் பசுமைக் கட்சிகள் ஒன்றுகூடிய கதை



1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரிந்தன. புகை கடல் கடந்து வந்தது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. கண் எரிய, தொண்டை கரகரக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் பெற்றோர்கள் தவித்த காலம் அது. அப்போது வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லலாம். அவரும் நம் நாடாளுமன்றத்தில் பேசுவார். ஆனால் தீ எரிவது வேறொரு நாட்டில். அந்த நாட்டின் அரசியல்வாதிகள் நம்மிடம் வாக்குக் கேட்டு வருவதில்லை. நம் வாக்கு அவர்களை ஒன்றும் செய்யாது. அவர்கள் வாக்காளருக்கோ நம் தொண்டை எரிவது தெரியாது.

ஐரோப்பாவின் பசுமைக் கட்சிகள் ஆண்டுதோறும் ஏதோ ஒரு நகரில் கூடுகின்றன. அடுத்த மாநாடு எங்கே, எத்தனை கட்சிகள் வருகின்றன என்று நாளேட்டில் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி வரும். நாமும் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. புகையும் நீரும் நாடு விட்டு நாடு போகும்போது வாக்கையும் அப்படிக் கொண்டுபோக முடியுமா என்று அரை நூற்றாண்டாகச் சிலர் முயன்ற கதை அது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏரிக்கரையில் தொடக்கம்

வேடிக்கை என்னவென்றால், பசுமைக் கட்சி என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பிறக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் தாஸ்மேனியாத் தீவில் பெடர் ஏரி என்று ஒன்று. நீர்மின் திட்டத்துக்காக அந்த ஏரியை மூழ்கடிக்க அரசு முடிவு செய்தது. எதிர்த்தவர்கள் எந்தப் பெரிய கட்சியின் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை. 1972 மார்ச் மாதம் ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூடித் தாங்களே ஒரு கட்சி தொடங்கினார்கள். தேர்தலில் நின்றார்கள், ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஏரியும் மூழ்கியது. அதே ஆண்டில் நியூசிலாந்தில் 'வேல்யூஸ்' கட்சியும், அடுத்த ஆண்டில் பிரிட்டனில் 'பீப்பிள்' என்ற கட்சியும் தோன்றின. பிரிட்டிஷ் கட்சிதான் பெயர் மாறி மாறி இன்றைய பசுமைக் கட்சியாக நிற்கிறது.

ஐரோப்பிய மக்களின் மனத்தில் இந்த அரசியல் பதிந்தது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் என்று சொன்னால் தவறில்லை. தொலைக்காட்சி அரங்கில் நின்று பேசும் எனக்கு அதைச் சொல்வதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் உண்டு. 1974ஆம் ஆண்டு பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ரெனே டுமோன் என்பவர் வேட்பாளராக நின்றார். வயது 70. வேளாண் அறிஞர். இளமையில் வியட்நாமின் டோங்கின் பகுதியில் நெல் சாகுபடியை ஆராய்ந்தவர். மற்ற வேட்பாளர்கள் கோட்டும் டையுமாக வர, இவர் சிவப்புக் கம்பளிச் சட்டையில் வந்து, ஒரு குவளைத் தண்ணீரைக் கையிலெடுத்துக் காட்டிக் குடித்தார். இதற்கும் பஞ்சம் வரப்போகிறது என்று எச்சரித்தார். கிடைத்த வாக்கு 1.32 விழுக்காடுதான். ஆனால் அந்தக் குவளைத் தண்ணீரைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

1979இல் சுவிட்சர்லாந்தில் டேனியல் பிரெலாஸ் என்ற கணிதப் பட்டதாரி தேசிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகில் ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் பசுமை உறுப்பினர் அவர்தான். இவர்களெல்லாம் தனித்தனித் தீவுகள்போல் இருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் அணு உலைக்கு எதிராகவும், இன்னொருவர் நெடுஞ்சாலைக்கு எதிராகவும் போராடிக்கொண்டிருந்தார்கள். இவர்களைச் சேர்த்துவைத்தது எது?

ஒன்பது நாட்டுக்கு ஒரே தேர்தல்

கொள்கைதான் சேர்த்தது என்று அவர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களைச் சேர்த்தது ஒரு வாக்குப்பெட்டி.

1979 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல் நேரடித் தேர்தல் நடந்தது. அதுவரை அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் அனுப்பிவைத்த உறுப்பினர்களே அங்கே அமர்ந்திருந்தார்கள். இப்போது 9 நாட்டு மக்கள் நேரடியாக 410 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மன்றத்துக்கு அப்போது பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. பெரிய கட்சிகள் அதை ஓய்வுபெறப்போகும் தலைவர்களுக்கான இடமாகத்தான் கருதின. ஆனால் நாட்டு எல்லைகளைத் தாண்டிய ஒரு தேர்தல் வந்துவிட்டது அல்லவா? சிறியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேற்கு ஜெர்மனியில் பசுமைவாதிகளுக்கு அப்போது முறையான கட்சிகூட இல்லை. ஒரு பட்டியலை அவசரமாகத் தயாரித்து நின்றார்கள். அந்தப் பட்டியலின் தலைப்பில் இருந்தவர் பெட்ரா கெல்லி. பவேரியாவில் பிறந்தவர், தாயின் மறுமணத்தால் ஓர் அமெரிக்கப் படை அதிகாரியின் வளர்ப்பு மகளானவர், வாஷிங்டனில் படித்தவர். அவருடைய தங்கை கிரேஸ் 10 வயதில் புற்றுநோயால் இறந்தாள். அந்த இழப்பு கெல்லியை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. புற்றுநோய்க்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள தொடர்பை அவர் ஓயாமல் பேசியது அதனால்தான். 1970களில் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஐரோப்பிய அமைப்பு ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆகவே ஐரோப்பா என்பது அவருக்கு வரைபடமல்ல, தினமும் போய்வந்த அலுவலகம்.

அந்தத் தேர்தலில் ஜெர்மன் பட்டியலுக்கு 3.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள் கிடைத்தன. ஐந்து விழுக்காடு இல்லாததால் இடமில்லை. பிரான்சிலும் அதே கதை, 4.4 விழுக்காடு, இடமில்லை. ஆனால் ஜெர்மன் சட்டப்படி பெற்ற வாக்குக்கு ஏற்பத் தேர்தல் செலவை அரசு திருப்பித் தரும். சிக்கனமாகச் செலவு செய்தவர்களுக்குப் பல மில்லியன் மார்க் வந்து சேர்ந்தது! அந்தப் பணத்தின் பலத்தோடுதான் 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஜெர்மன் பசுமைக் கட்சி முறையாகத் தொடங்கப்பட்டது. ஒரு நாட்டுக் கட்சியையே ஐரோப்பியத் தேர்தல்தான் பெற்றெடுத்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

மூன்றே ஆண்டில், 1983 மார்ச் மாதத்தில், 5.6 விழுக்காடு வாக்குடன் அவர்கள் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பூந்தொட்டிகளோடும், அமில மழையால் பட்டுப்போன மரக்கிளையோடும் உள்ளே போனார்கள். அந்த மழையைக் கொட்டிய மேகம் எந்த நாட்டுப் புகைபோக்கியிலிருந்து கிளம்பியது என்று யாரால் சொல்ல முடியும்?

யார் பசுமை?

1984இல் அடுத்த ஐரோப்பியத் தேர்தல் வந்தது. அதற்கு முன்பாக பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஐரோப்பியப் பசுமைக் கட்சிகள் கூடி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. இந்த முறை ஜெர்மனியிலிருந்து 7 பேரும், பெல்ஜியத்திலிருந்து 2 பேரும், நெதர்லாந்திலிருந்து 2 பேரும் வென்று வந்தார்கள். உடனே பிரச்சினையும் வந்தது.

நெதர்லாந்துக்காரர்கள் வந்தது ஒரு கூட்டணியிலிருந்து. அதில் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியும் இருந்தது. இவர்கள் பச்சையா சிவப்பா என்று சண்டை. தாங்களே உண்மையான பசுமைக் கட்சி என்று அதே நாட்டில் இன்னொரு சிறு கட்சி கொடி பிடித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு குழுவாக அங்கீகாரம் பெற இவர்களின் எண்ணிக்கை போதவில்லை. ஆகவே டென்மார்க்கின் ஐரோப்பிய இணைப்பு எதிர்ப்பாளர்களோடும், பெல்ஜியத்தின் பிளெமிஷ் மொழி உரிமைக் கட்சியினரோடும் சேர்ந்து 'வானவில் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். பெயர் அழகாகத்தான் இருந்தது. அறைக்குள் ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்பதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதவி மோகம் வந்துவிடக் கூடாது என்று ஜெர்மன் பசுமையினர் ஒரு விதி வைத்திருந்தார்கள். பாதிக் காலம் முடிந்ததும் உறுப்பினர் விலகி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவர் நாடாளுமன்ற நடைமுறைகளைக் கற்றுத் தேர்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். பெட்ரா கெல்லி ஜெர்மன் நாடாளுமன்றத்தில் விலக மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கட்சிக்குள் பலர் அவரை மன்னிக்கவே இல்லை. 1992இல் பான் நகர வீட்டில் அவர் சுடப்பட்டு இறந்து கிடந்தார். சுட்டவர் அவருடன் வாழ்ந்த, முன்னாள் படைத் தளபதி கெர்ட் பாஸ்டியன். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர்கள் இறந்து பல நாட்களுக்குப் பிறகே உலகுக்குத் தெரிந்தது. ஒரு கண்டத்துக்கே தெரிந்த பெண்மணியை அவ்வளவு நாள் யாரும் தேடவில்லை.

1986: மேகமும் ஆறும்

பசுமைக் கட்சிகளின் வாதத்தை மேடைப் பேச்சைவிட வலுவாக நிரூபித்த ஆண்டு 1986. ஏப்ரல் 26ஆம் தேதி சோவியத் உக்ரேனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மாஸ்கோ வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்த ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டியது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று முதலில் பயந்தார்கள். பிறகுதான் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகில் சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு நீரோடு பூச்சிமருந்துகள் ரைன் நதியில் கலந்தன. நதி சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ரைன் பாசலோடு நிற்கும் நதி அல்ல. பிரான்சையும் ஜெர்மனியையும் தொட்டுக்கொண்டு நெதர்லாந்தில் கடலில் கலப்பது. நெதர்லாந்துக் குடிமகன் சுவிட்சர்லாந்தில் வாக்களிக்க முடியாது. சுவிட்சர்லாந்து ஐரோப்பியச் சமூகத்தில் உறுப்பினரும் இல்லை. நம்முடைய 1997க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாண்டுகள் கழித்து வந்த 1989 தேர்தலில் பலன் தெரிந்தது. பிரான்சில் பசுமைக் கட்சிக்கு 10.6 விழுக்காடு, 9 இடங்கள். பிரிட்டனில் அதைவிட அதிகம், ஏறத்தாழ 15 விழுக்காடு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். கிடைத்த இடம் எத்தனை தெரியுமா? ஒன்றுமே இல்லை. பிரிட்டனில் தொகுதிக்கு ஒருவர் என்ற முறை, நம் நாடுகளுக்கும் அவர்கள் விட்டுச்சென்ற அதே முறை. 15 விழுக்காடு வாக்கு நாடு முழுவதும் பரவிக் கிடந்தால் எந்தத் தொகுதியிலும் முதலிடம் வராது. பத்தாண்டு கழித்து, 1999இல், விகிதாசார முறை வந்தபிறகுதான் இரண்டு பிரிட்டிஷ் பசுமை உறுப்பினர்கள் உள்ளே போக முடிந்தது.

ஆனாலும் 1989இல் பசுமைக் கட்சிகள் முதன்முறையாகத் தங்களுக்கென்று ஒரு தனிக் குழு அமைத்தன. அந்த ஆண்டில்தான் கிழக்கிலும் கதவுகள் திறந்தன. ஹங்கேரியில் டான்யூப் நதிக்குக் குறுக்கே கட்டவிருந்த அணைக்கு எதிராக எழுந்த இயக்கம், கம்யூனிஸ்டு அரசைப் பணியவைத்து நாகிமாரோஸ் பணியை நிறுத்தியது. பல்கேரியாவில் 'எகோகிளாஸ்நோஸ்த்' என்ற சுற்றுச்சூழல் குழுவினர் அக்டோபரில் சோபியாவில் கையெழுத்து வேட்டை நடத்தியபோது காவல்துறை அடித்து இழுத்துச் சென்றது. வெளிநாட்டுப் பேராளர்கள் அங்கே சுற்றுச்சூழல் மாநாட்டுக்காக வந்திருந்தார்கள்! நவம்பர் 3ஆம் தேதி அந்தக் குழு ஊர்வலமாகச் சென்று மனுவைக் கொடுத்தது. ஒரே வாரத்தில் 35 ஆண்டுகள் ஆண்ட ஷிவ்கோவ் பதவி இழந்தார். கட்சி நடத்தத் தடை இருந்த நாடுகளில், ஆற்றைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசுவதுதான் அரசியல் பேச இருந்த ஒரே வழி.

அடுத்த ஆண்டே மேற்கில் அடி விழுந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்தபின் நடந்த 1990 டிசம்பர் தேர்தலில், எல்லாரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற பொருளில் மேற்கு ஜெர்மன் பசுமைக் கட்சி சுவரொட்டி அடித்தது. பருவநிலை மாற்றத்தைத்தான் சொன்னார்கள். இன்று பார்த்தால் தீர்க்கதரிசனம். அன்றைய வாக்காளருக்கோ, சுவர் இடிந்து குடும்பங்கள் ஒன்றுசேரும் நேரத்தில் இவர்கள் மழையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எரிச்சல். 4.8 விழுக்காடோடு வெளியே போனார்கள்.

மசாலாவில் ஒரு கூட்டமைப்பு

1993 ஜூன் 20ஆம் தேதி, பின்லாந்தில் ஹெல்சிங்கிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில் ஐரோப்பியப் பசுமைக் கட்சிகளின் கூட்டமைப்பு பிறந்தது. ஊரின் பெயர் மசாலா. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கிழக்கும் மேற்கும் ஒரே அமைப்பில் சேர்ந்தன. ஆனால் அது கூட்டமைப்புதான். கூடுவார்கள், பேசுவார்கள், அறிக்கை விடுவார்கள், கலைவார்கள்.

இந்தக் காலகட்டத்தில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அலெக்சாண்டர் லாங்கர். இத்தாலியின் வடகோடியில், ஜெர்மன் மொழி பேசுவோரும் இத்தாலிய மொழி பேசுவோரும் அருகருகே வாழ்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த தென் டிரோல் பகுதியில் 1946இல் பிறந்தவர். இரு மொழியும் சரளம். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தாம் எந்த இனக்குழு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் அரசாங்க வேலை என்று விதி வந்தது. லாங்கர் எழுத மறுத்தார். அதனால் அவருக்கு ஆசிரியர் பணி மறுக்கப்பட்டது. பல இனம் கூடி வாழும் நாட்டில் படிவங்களை நிரப்பியே வளர்ந்த நமக்கு, அந்த மறுப்பின் எடை கொஞ்சம் புரியும்.

1989இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வந்து பசுமைக் குழுவின் இணைத் தலைவரானார். பிறகு யூகோஸ்லாவியா உடைந்தது. சண்டையே கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர், போஸ்னியாவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். துஸ்லா நகரில் 1995 மே 25ஆம் தேதி ஒரே குண்டுக்கு 71 பேர் பலியானார்கள், பெரும்பாலும் இளையர்கள். ஜூன் கடைசியில் பிரான்சின் கான் நகரில் கூடிய ஐரோப்பியத் தலைவர்களிடம் போய், போஸ்னியாவில் தலையிட்டு மக்களைக் காப்பாற்றுங்கள் என்று லாங்கர் மன்றாடினார். சமாதானவாதி படையைக் கேட்டார்! தலைவர்கள் அசையவில்லை. ஜூலை 3ஆம் தேதி ஃபுளோரன்ஸ் நகருக்கு வெளியே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டு நாளில் ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தது.

அந்தக் கேள்வி அவரோடு புதைந்துவிடவில்லை. 1995இல் பின்லாந்தில் தொடங்கி, இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் என்று பசுமைக் கட்சிகள் ஒவ்வொன்றாக ஆட்சியில் பங்கு பெற்றன. 1998இல் யோஷ்கா ஃபிஷர் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர். அடுத்த மார்ச் மாதமே கொசோவோ தொடர்பாக நேட்டோ படைகள் குண்டு வீசத் தொடங்கின, ஜெர்மன் விமானங்களும் சேர்ந்தே. மே 13ஆம் தேதி பீலஃபெல்ட் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் ஒருவர் சிவப்புச் சாயப் பையை ஃபிஷர் மீது எறிந்தார். காதில் பட்டுச் செவிப்பறை கிழிந்தது. சாயம் வழிந்த சட்டையோடு மேடையேறிப் பேசி, மாநாட்டின் ஒப்புதலைப் பெற்றார். அதை வெற்றி என்பதா? அவருடைய கட்சிக்காரர்கள் பலர் அன்று விலகிப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏரியைக் காக்கப் புறப்பட்டவர்கள் கையில் போர் விமானம் வந்து சேர்ந்த கதை இது. ஆட்சி கையில் கிடைக்கும்வரை இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரோம், 2004

2004 பிப்ரவரியில் ரோம் நகரில் கூட்டமைப்பு தன்னைக் கலைத்துக்கொண்டு ஐரோப்பியப் பசுமைக் கட்சியாக மாறியது. 1957இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தான அதே நகரம். முப்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள் சேர்ந்தன. கூட்டமைப்புக்கும் கட்சிக்கும் என்ன வேறுபாடு என்றால், அந்த ஜூன் தேர்தலில் பல நாடுகளில் ஒரே வாசகம், ஒரே சுவரொட்டி, ஒரே பிரசாரம் என்று இறங்கினார்கள். மற்றக் கட்சிகள் அப்போது ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ச் சண்டையைத்தான் நடத்திக்கொண்டிருந்தன.

ரோமில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் டேனியல் கோன்-பெண்டிட். 1968 மே மாதப் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியின் தலைவர். ஜெர்மன் குடியுரிமை வைத்திருந்ததால் பிரெஞ்சு அரசு அன்று அவரை நாடு கடத்தியது. அவரே 1994இல் ஜெர்மனியிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1999இல் பிரான்சிலிருந்து, 2004இல் மறுபடி ஜெர்மனியிலிருந்து, 2009இல் மறுபடி பிரான்சிலிருந்து. எந்த எல்லையைக் காட்டித் துரத்தினார்களோ அந்த எல்லையின் இரு பக்கத்திலும் வாக்குக் கேட்டு வென்றார். வாக்கும் எல்லை தாண்டும் என்பதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன, பெரும்பாலும் கிழக்கு நாடுகள். அவற்றிலிருந்து ஒரு பசுமைக் கட்சி உறுப்பினர்கூட வரவில்லை. 1989இல் ஆற்றுக்காகத் தெருவில் இறங்கிய மக்களுக்கு, பிறகு வேலையும் சம்பளமும்தான் முதல் கவலையாகிவிட்டது. உலகின் முதல் பசுமைப் பிரதமர் என்ற பெயரை லாட்வியாவின் இந்துலிஸ் எம்சிஸ் அதே 2004இல் பெற்றார், சில மாதங்களுக்கு மட்டும். அவருடைய கட்சி விவசாயிகள் கட்சியோடு கூட்டணி வைத்துப் பழமைவாதப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. 2019இல் ஐரோப்பியப் பசுமைக் கட்சி அதை வெளியேற்றிவிட்டது. லியேஜ் காலத்து 'யார் பசுமை' என்ற சண்டை 35 ஆண்டுகளுக்குப் பின்னும் ஓயவில்லை, பாருங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பசுமைக் குழு 2019இல் 74 இடங்கள்வரை உயர்ந்து, 2024 தேர்தலில் 53க்கு இறங்கியது. எரிபொருள் விலையும், விவசாயிகளின் டிராக்டர் ஊர்வலங்களும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் பக்கம்

இடைவேளையில் முன்வரிசை அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஐரோப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். நம் கண்டத்தில் இப்படி ஒன்று இல்லையா?" உண்டு. 2005 பிப்ரவரியில், கியோட்டோ உடன்பாடு நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில், அதே கியோட்டோ நகரில் ஆசிய பசிபிக் பசுமைக் கட்சிகள் கூடி ஒரு வலையமைப்பைத் தொடங்கின. 1990இலேயே தொடங்கிய மங்கோலியக் கட்சி, 1996இல் தொடங்கிய தைவான் கட்சி, நாடாளுமன்றத்தில் இடம் பிடித்திருந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கட்சிகள் என்று பலதரப்பட்டவை. 2010இல் தைப்பேயில் கூடின, 2015இல் வெலிங்டனில் கூடின. 2023இல் உலகப் பசுமைக் கட்சிகளின் மாநாடே தென்கொரியாவின் இன்சோன் நகரில் நடந்தது.

நம் மலேசியாவில் அரிமண் ஆலைக்கு எதிராக 2012இல் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர்வரை நடந்தவர்களின் தலைவர் வோங் தாக், 2018இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் ஜனநாயகச் செயல் கட்சியின் வேட்பாளராக. தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் தனிப் பசுமைக் கட்சியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1989 பிரிட்டனைப் பார்த்தோம்.

அன்பரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கியோட்டோவில் கூடியவர்களின் கொள்கைக்கும் ரோமில் கூடியவர்களின் கொள்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரோமில் கூடியவர்களுக்கு நான்கு மாதத்தில் ஒரு தேர்தல் இருந்தது. கியோட்டோவில் கூடியவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆசியானுக்கு நாமும் இந்தோனேசியர்களும் சேர்ந்து வாக்களித்து அனுப்பும் மன்றம் கிடையாது. நமக்கு இருப்பது ஒப்பந்தம். எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் மாதம் கோலாலம்பூரில் கையெழுத்தானது. அதை இந்தோனேசிய நாடாளுமன்றம் ஏற்றுக்கொள்ள 2014 ஆயிற்று. அதே ஆண்டு சிங்கப்பூர், வெளிநாட்டில் தீ வைத்துப் புகை அனுப்பும் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது.

வெலிங்டன் கூட்டம் நடந்தது 2015 ஜூன் மாதத்தில். செப்டம்பரில் மறுபடி புகை வந்தது. சிங்கப்பூரில் ஒரு நாள் பள்ளிகளையே மூடினார்கள், மலேசியாவிலும் பல மாநிலங்களில் மூடினார்கள். 1997இல் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அப்போது தங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, சன்னல்களைச் சாத்திவிட்டு, மணிக்கொரு தரம் குறியீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.